ஸ்டோரிலைன் அப்டேட்டும் பாமினியில் அடித்த பழைய பாடங்களும்

கணினியில், போனில் பார்க்கும் பாடங்களைச் செய்ய உதவும் மென்பொருளான ஸ்டோரிலைன் 360-இல் அப்டேட் வந்தாலே இப்போதெல்லாம் ஏஐ பேச்சுதான். கேள்வி எழுதித் தருகிறது, குரல் கொடுக்கிறது, சரி, நல்லது. ஆனால் தண்டையார்பேட்டையில் உட்கார்ந்துகொண்டு, மணலி, எண்ணூர் பக்கத்துக் கம்பெனிகளின் ஒப்பந்தத் தொழிலாளர்களுக்குத் தமிழில் பாதுகாப்புப் பாடம் செய்து கொடுக்கிற என் போன்ற ஆட்களைப் பிடித்து ஆட்டுவது ஏஐ இல்லை, எழுத்தைத் திரைக்கு அனுப்பும் புது முறையான 'மாடர்ன் டெக்ஸ்ட்'. வந்து சில வருடம் ஆகிவிட்டது. இருந்தாலும் பழைய பாடத்தைத் தூசி தட்டி எடுத்துப் புதிய பதிப்பில் திறக்கும்போதுதான் பலருக்கும் உறைக்கிறது.

முன்பு பாடத்தை முடித்து வெளியிட (பப்ளிஷ்) செய்தால் எழுத்து ஏறக்குறைய படம் மாதிரி வரையப்பட்டுத்தான் போகும். இப்போது எழுத்து எழுத்தாகவே பிரவுசருக்குப் போகிறது, பார்வை மங்கியவர்கள் பெரிதாக்கிப் படிக்கலாம். நான் முழுக்க இதன் பக்கம்தான். சிக்கல் நம் ஊர்ப் பழைய கோப்புகளில் இருக்கிறது. எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடைத் தமிழ்நாடு அரசு 2010-லேயே ஏற்றுக்கொண்டது, டிடிபி கடைகளில் மட்டும் பாமினி என்கிற பழைய ஃபான்ட் இன்னும் போகவில்லை. பாமினியில் 'தமிழ்' என்பது உள்ளே ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. மேலே ஃபான்ட் தமிழ் வேஷம் போட்டிருக்கிறது, அவ்வளவுதான். படமாகப் போனவரை கண்ணால் பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. எழுத்தாகப் போகும்போது ஃபான்ட் போய்ச் சேராவிட்டால் அந்த ஆங்கிலக் குப்பை அப்படியே திரையில் நிற்கும். ஃபான்ட் சேர்ந்தாலும், பார்வையற்றவர்களுக்குத் திரையை வாசித்துக் காட்டும் ஸ்கிரீன் ரீடர் ஜேகேபி என்றுதான் வாசிக்கும்.

ஏற்கெனவே யூனிகோடில் இருந்தாலும் நிம்மதியாக உட்கார முடியாது, வரி உடையும் இடம் மாறும். தமிழ் வாக்கியம் ஆங்கிலத்தைவிட நீளம், 'முந்தைய பக்கத்துக்குச் செல்க' என்று ஒரு பட்டனில் திணித்து வைத்திருந்தால் கடைசி எழுத்து வெளியே தொங்கும். ஸ்லைடு ஸ்லைடாகப் பார்த்தே தீர வேண்டும், அதுவும் விலை குறைந்த ஆண்ட்ராய்டு போனில், ஏனென்றால் ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸில் போகிறவர் பார்ப்பது அதில்தான்.

திறக்கும் முன் நகல் எடுங்கள். புதியதில் சேமித்த கோப்பைப் பழைய பதிப்பு திறக்காமல் போகலாம், ஒரே புராஜெக்டில் நாலு பேர் வேலை செய்தால் நாலு பேரும் ஒரே பதிப்பில் இருக்க வேண்டும். இதே வேலைக்கு அடோபியின் கேப்டிவேட் மென்பொருளை வைத்திருக்கும் ஆட்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள்: 2023-இல் அடோபி அதை அடியோடு புதிதாகக் கட்டியபோது, பழைய பதிப்பான கிளாசிக்கில் செய்த புராஜெக்டைப் புதியது திறக்கவே இல்லை.

அப்புறம் ஸ்கார்ம், அதாவது பாடமும் அதை ஓட்டும் எல்எம்எஸ் என்கிற பயிற்சித் தளமும் பேசிக்கொள்ளும் விதிமுறை. வாடிக்கையாளரின் எல்எம்எஸ் ஸ்கார்ம் 1.2-ஐ மட்டும்தான் ஏற்கும் என்றால், 'எங்கே விட்டோம்' என்கிற தகவலுக்கு அதில் 4,096 எழுத்துதான் இடம். நீளப் பாடத்தில் அது நிரம்பினால், பாதியில் மூடியவர் விட்ட இடத்துக்குத் திரும்ப முடியாமல் போகலாம். ஸ்கார்ம் 2004 நான்காம் பதிப்பில் 64,000, எல்எம்எஸ் ஒத்துக்கொண்டால் அதற்கு மாறுங்கள். இல்லையென்றால் பாடத்தை இரண்டாக வெட்டுங்கள்.

பாமினியை மாற்ற கன்வெர்ட்டர்கள் இருக்கின்றன, ஆனால் நடுவே கலந்திருக்கும் ஆங்கிலச் சொற்களையும் சேர்த்துக் குதறிவிடும். 'பிபிஇ' (பாதுகாப்பு உடை, கவசம்), 'எல்பிஜி' வரும் ஸ்லைடுகளை நான் கையாலேயே அடித்துவிடுகிறேன். இந்த வேலையை பில்லில் 'அப்டேட்' என்று போடாதீர்கள், அப்டேட் என்றால் இலவசம் என்று நினைத்துவிடுகிறார்கள். 'தமிழ் எழுத்து மாற்றம்' என்று தனி வரியாகப் போட்டு, ஸ்லைடு கணக்கில் காசு கேளுங்கள்.