ரொமான்ஸாவின் 16 பார்களை வைத்துக் கிட்டாருக்கு இசை எழுதப் பழகுவது

கிட்டாரில் சொந்தமாக ஏதாவது எழுத உட்காருபவர்கள் பெரும்பாலும் தெரிந்த நான்கு கார்டுகளை (சேர்ந்து ஒலிக்கும் சுரத் தொகுதிகளை) வரிசையாகப் போட்டு, அதன் மேல் மெலடி வருகிறதா என்று தேடுவார்கள். அப்படித் தேடும்போது விரல்கள் பழகிய இடத்துக்கே போய் நிற்கும். நன்றாக எழுதப்பட்ட ஒரு துண்டை அடுக்கு அடுக்காகப் பிரித்து, ஒரு நேரத்தில் ஓர் அடுக்கை மட்டும் மாற்றி எழுதுவது இதைவிட நல்ல வழி. ஒரே சமயத்தில் எல்லாவற்றையும் மாற்றினால் எது எதனால் கெட்டது என்று தெரியாமல் போய்விடும்.

மாதிரிக்கு, கிளாசிக்கல் கிட்டார் கற்பவர்கள் அநேகமாக எல்லோரும் வாசிக்கும் ரொமான்ஸாவின் முதல் பகுதி போதும். எழுதியவர் பெயர் இல்லாமலே வழங்கும் ஸ்பானிஷ் துண்டு அது. 1952இல் வந்த ஒரு பிரெஞ்சுப் படத்தில் ஸ்பானிஷ் கிட்டார் கலைஞர் நார்சிசோ யெபெஸ் வாசித்த பிறகு உலகமெங்கும் பரவியது. ஈ மைனர், 3/4 தாளம், 16 பார். பார் என்பது தாளத்தின் ஒரு சுற்று, இங்கே மூன்று பீட்.

முதலில் அதைக் கையால் எழுதுங்கள். எந்தக் கம்பியில் எந்த ஃப்ரெட் என்று எண்ணால் மட்டும் காட்டும் டேப் போதாது, ஏனென்றால் எந்தச் சுரம் எவ்வளவு நேரம் ஒலிக்க வேண்டும் என்பது டேப்பில் தெரியாது. ரொமான்ஸாவில் பேஸ் சுரம் மூன்று பீட்டும் ஒலிக்கிறது, மெலடி ஒவ்வொன்றும் ஒரு பீட், நடுக் கம்பிகள் வெறும் நிரப்பல். இந்த மூன்றையும் மூன்று தனி வரிகளாக எழுதினால்தான் மூன்று குரல்கள் இருப்பது கண்ணுக்குத் தெரியும். இதைச் செய்யாதவர்கள் எழுதும் துண்டுகளில் பேஸ் பாதியிலேயே அறுந்துபோகும். அடுத்த மெலடி சுரத்துக்காக இடது கை பேஸ் விரலைத் தூக்கிவிடுவதுதான் காரணம்.

ஹார்மனியின், அதாவது கார்டு வரிசையின், எலும்புக்கூடு இது: 6 பார் ஈ மைனர், 2 பார் ஏ மைனர், 2 பார் பி செவன்த், 2 பார் ஈ மைனர், 2 பார் பி செவன்த், 2 பார் ஈ மைனர். மூன்றே கார்டுகள்தான். முதல் ஆறு பாரில் ஹார்மனி நகரவே இல்லை, அங்கே கவனத்தைப் பிடித்துவைப்பது மெலடி மட்டும். பிறகு இரண்டு பாருக்கு ஒருமுறை மாறுகிறது. தொடக்கத்தில் நிதானம், நடுவில் நெருக்கம் என்ற இந்த விகிதமே முதலில் கற்க வேண்டியது.

அடுத்து மெலடி. முழுக்க முதல் கம்பியில் ஓடுகிறது. ஃப்ரெட் எண்களாகச் சொன்னால் (0 என்பது அழுத்தாத, திறந்த கம்பி) 7-7-7, 7-5-3, 3-2-0, 0-3-7, பிறகு 12-12-12 என்று உச்சம். ஒவ்வொரு பாரின் முதல் பீட்டையும் கார்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பதினாறு இடத்திலும் அது கார்டுக்குள் இருக்கும் சுரமே. கார்டுக்கு வெளியே உள்ள சுரங்கள் இரண்டாம் பீட்டில்தான் வருகின்றன: இரண்டாம் பாரில் ஏ, மூன்றாம் பாரில் எஃப் ஷார்ப், ஒன்பதாம் பாரில் சி. ஆறாம் பார் மட்டும் விதிவிலக்கு. அங்கே 12-10-8 என்று இறங்கி, மூன்றாம் பீட்டிலேயே சி வந்துவிடுகிறது, ஏழாம் பாரின் ஏ மைனரை முன்கூட்டியே அறிவிப்பதுபோல. இந்த ஒரு விதிவிலக்கு எவ்வளவு அழகாக அடுத்த கார்டுக்குக் கதவு திறக்கிறது என்பதைப் பலமுறை வாசித்துக் கேளுங்கள். பத்தாம் பாரில் 11-8-7, அதாவது டி ஷார்ப்பிலிருந்து சிக்கு மூன்று ஃப்ரெட் தாவல். துண்டின் உணர்ச்சி மிகவும் இறுகுவது அங்கேதான்.

இனி கை. முதல் ஆறு பாரில் இரண்டாம், மூன்றாம், ஆறாம் கம்பிகள் திறந்தே இருக்கின்றன: பி, ஜி, ஈ. மூன்றும் சேர்ந்தாலே ஈ மைனர். ஆகவே இடது கைக்கு மெலடி தவிர வேறு வேலை இல்லை, அதனால்தான் 12ஆம் ஃப்ரெட் வரை சுதந்திரமாகப் போக முடிகிறது. ஏ மைனர் வரும்போது 5ஆம் ஃப்ரெட்டில் பாரே (ஒரே விரலால் பல கம்பிகளைச் சேர்த்து அழுத்துவது), மெலடி 5 முதல் 8 வரை. பி செவன்தில் 7ஆம் ஃப்ரெட்டில் பாரே, சுண்டுவிரல் 11 வரை நீள்கிறது. பாரே விழுந்த இடத்திலிருந்து நான்கு ஃப்ரெட் என்பதே மெலடிக்கு எல்லை. எழுதும்போது இந்த எல்லையை மறந்தால் காகிதத்தில் நன்றாக இருப்பது கையில் வராது.

முதல் பயிற்சி: ஹார்மனி, ஆர்பெஜியோ (கார்டின் சுரங்களை ஒன்றன்பின் ஒன்றாக மீட்டும் வடிவம்), பேஸ் மூன்றையும் அப்படியே வைத்து மெலடியை மட்டும் புதிதாக எழுதுங்கள். 3-3-3, 3-5-7, 7-8-7, 7-3-0 என்று தொடங்கலாம். முதல் பீட்டுகள் ஜி, ஜி, பி, பி, எல்லாம் ஈ மைனரில் உள்ளவை. இப்போது இரண்டாம் பாரை 5-3-7 என்று மாற்றி வாசியுங்கள். முதல் பீட்டில் ஏ விழுவதால் பார் தரையில் கால் பதிக்காமல் நிற்கும். அந்த ஒலி சில இடங்களில் வேண்டியிருக்கலாம், ஆனால் தெரிந்து போட வேண்டும். உச்ச சுரம் 16 பாரில் ஒருமுறை மட்டும் வரட்டும். மூன்று இடத்தில் உச்சம் தொட்டால் எதுவுமே உச்சமாகக் கேட்காது.

எழுதியதை மெலடியும் பேஸும் மட்டுமாக வாசித்துச் சோதியுங்கள். இரண்டும் ஒரே திசையில் ஒரே சுரத்துக்கு நேராக நகர்ந்தால் இரண்டு குரல் ஒன்றாகச் சுருங்கிவிடும். மாதிரியில் 8ஆம் பார் ஏ-ஏ என்று தொடங்குகிறது, 9ஆம் பார் பி-பி என்று தொடங்குகிறது. ஆனாலும் சுருங்கவில்லை. இடையில் மெலடி சி வரை ஏறி, மேலிருந்து பிக்கு இறங்குகிறது, பேஸோ கீழிருந்து ஏறுகிறது.

இரண்டாம் பயிற்சி ஏ மைனருக்கு மாற்றுவது. அதிகம் கற்றுத்தருவது இதுதான். சுரங்களை இயந்திரம்போல் இடம் மாற்றினால் உடனே சிக்கும். ஏ மைனர் கார்டுக்கு இரண்டாம் கம்பியில் 1, மூன்றாம் கம்பியில் 2 பிடித்தாக வேண்டும், ஆகவே முதல் கம்பியில் சுண்டுவிரல் 4 அல்லது 5க்கு மேல் எட்டாது. ஆனால் பதிலுக்கு ஒன்று கிடைக்கிறது. ஏ, டி, ஈ என்ற மூன்று பேஸும் திறந்த கம்பிகள். ரொமான்ஸாவில் பி பேஸை அழுத்திப் பிடிக்க வேண்டியிருந்தது, இங்கே எந்தப் பேஸுக்கும் விரல் வேண்டாம். அதனால் ஏ மைனரில் மெலடியைத் தாழ்வாகவும் நெருக்கமாகவும் வைத்து, பேஸை அதிகம் நகரவிட்டு எழுதுவதே பொருந்தும். கீ மாறினால் துண்டின் சுபாவமே மாற வேண்டும்.

மூன்றாவதாக வலது கையை மாற்றுங்கள். இத்தாலியக் கிட்டார் இசையமைப்பாளர் மௌரோ ஜூலியானியின் முதல் படைப்புத் தொகுப்பான ஓபஸ் 1இல் 120 ஆர்பெஜியோ வடிவங்கள் உள்ளன. எல்லாம் சி மேஜர், ஜி செவன்த் என்ற இரண்டே கார்டுகளில் எழுதப்பட்டவை, ஆகவே வடிவத்தை மட்டும் எடுத்துக்கொள்வது சுலபம். பெருவிரல், ஆள்காட்டி, நடு, மோதிரம், நடு, ஆள்காட்டி என்ற ஆறு சுர வடிவத்தைப் போட்டால் மோதிர விரல் பாருக்கு ஒருமுறைதான் முதல் கம்பியைத் தொடும். மூன்று சுர மெலடி ஒரு சுரமாகக் குறைந்துவிடும். பழைய ஹார்மனியையே வைத்தால் முதல் ஆறு பார் அலுக்கும், எனவே பாருக்கு ஒரு கார்டு என்று வேகப்படுத்துங்கள்.

அமைப்புக்கு, ஸ்பானிஷ் கிட்டார் இசையமைப்பாளர் டாரெகாவின் லாக்ரிமா என்ற துண்டைப் பாருங்கள். ஈ மேஜரில் ஒரு பகுதி, ஈ மைனரில் ஒரு பகுதி, பிறகு தொடக்கத்துக்குத் திரும்புதல். ரொமான்ஸா இதற்கு நேர் எதிர், மைனரிலிருந்து மேஜருக்குப் போகிறது. மேஜர் பகுதி எழுதும்போது திறந்த மூன்றாம் கம்பியின் ஜி உதவாது, ஜி ஷார்ப் வேண்டும். கை திடீரென்று கனக்கும் என்பதால் அங்கே மெலடியைச் சற்றுக் குறைத்தே எழுதுங்கள்.

இவ்வளவும் கைவந்த பிறகு பிரேசில் இசையமைப்பாளர் வில்லா-லோபோஸின் முதல் எட்யூட் (பயிற்சித் துண்டு). கையின் ஒரே வடிவம் ஃப்ரெட் ஃப்ரெட்டாக இறங்க, திறந்த ஈ கம்பிகள் ஒலித்துக்கொண்டே இருக்கும் பகுதியைப் பாருங்கள். இந்த உத்தியை ஈ மேஜர் வடிவத்தில் செய்து பார்க்கலாம்: ஐந்து, நான்கு, மூன்றாம் கம்பிகளில் 2-2-1, மற்ற மூன்றும் திறந்தவை. அதையே 5-5-4, 7-7-6, 9-9-8க்கு நகர்த்துங்கள், நன்றாக ஒலிக்கும். 3-3-2 ஸ்பானிஷ் நிறம் தரும். 4-4-3இல் மூன்றாம் கம்பியின் ஏ ஷார்ப்பும் திறந்த பியும் அரைச் சுர இடைவெளியில் உரசும். ஒவ்வொரு ஃப்ரெட்டையும் இப்படிக் கேட்டு, நிற்கக்கூடிய இடம், கடந்துபோக மட்டும் உதவும் இடம் என்று இரண்டு பட்டியல் எழுதிக்கொண்டு, அதற்குப் பிறகே பாரில் அடுக்குங்கள்.