புது போனைப் பதிவர்கள் கையில் கொடுத்தபோது

சென்னையில் ஒரு பி.ஆர். (மக்கள் தொடர்பு) ஏஜென்சியில் இருந்தபோது, சந்தைக்கு வரவிருந்த ஒரு போனைத் தமிழ்ப் பதிவர்கள் வழியாக அறிமுகப்படுத்தும் வேலை என்னிடம் வந்தது. எந்த நிறுவனம் என்பது இங்கே வேண்டாம். போன் நிஜமாகவே அழகு: ஒல்லியான உடம்பு, இரண்டு ஓரமும் வளைந்த திரை, வெளிச்சம் படும் கோணத்துக்கு ஏற்ப நிறம் மாறும் பின்பக்கக் கண்ணாடி. இதே மாதிரி வேலையில் இறங்குபவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

பதிவர்களிடம் போனைக் கொடுத்துப் பார்க்கச் சொல்வது புது வழக்கம் ஒன்றும் இல்லை. 2005இலேயே நோக்கியா தன் என்90 போனை, திருப்பித் திருப்பிப் பிடிக்கும் திரையும் கார்ல் சைஸ் லென்ஸும் வைத்த அந்தப் போனை, பதிவர்களிடம் கொடுத்துப் பயன்படுத்தச் சொல்லியிருக்கிறது. கிளையண்டிடம், அதாவது போன் நிறுவனத்திடம், இதைத்தான் முதலில் சொன்னேன். கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டும், அவ்வளவுதான் என்றேன்.

அவர்கள் அனுப்பிய பதிவர் பட்டியல் ஃபாலோயர் எண்ணிக்கை வரிசையில் இருந்தது. நான் அதை ஓரமாக வைத்துவிட்டு ஒவ்வொருவரின் பழைய பதிவுகளுக்குக் கீழே இருந்த கேள்வி பதில்களை வாசித்தேன். "அண்ணா, மழையில நனைஞ்சா தாங்குமா?" என்று யாரோ தாமதமாக வந்து கேட்டதற்கும் பொறுமையாகப் பதில் சொல்பவர்களைத்தான் எடுத்தேன். மதுரையில் கேமரா பற்றி மட்டுமே எழுதும் ஒருவர், கோவையில் ஒரு கல்லூரி ஆசிரியை, திருநெல்வேலிப் பக்கம் பகலில் செல்போன் சர்வீஸ் கடை நடத்திவிட்டு இரவில் எழுதும் ஒருவர், இப்படிச் சிலர்.

அப்புறம் ஒப்பந்தம். ரகசியம் காப்பது, குறித்த நேரத்துக்கு முன் வெளியிடாமல் இருப்பது, இரண்டும் சரி. ஆனால் 'நிறுவனத்தின் ஒப்புதல் பெற்ற பிறகே வெளியிட வேண்டும்' என்று ஒரு வரி இருந்தது. அதை எடுத்தால்தான் அனுப்புவேன் என்று நின்றேன். ரேம் அளவு, பேட்டரி அளவு தப்பாக இருந்தால் சுட்டிக்காட்டலாம், கருத்தில் கை வைக்கக் கூடாது என்று மாற்றி எழுத வைத்தோம். இதற்கு ஆன நேரம் வேறு எதற்கும் ஆகவில்லை.

வரி விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. வருமான வரிச் சட்டத்தில் 194ஆர் என்று ஒரு பிரிவு 2022 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. தொழில் சார்ந்து கிடைக்கும் இலவசப் பொருள், சலுகையின் மதிப்பு ஆண்டுக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் டி.டி.எஸ். (கொடுப்பவரே முன்கூட்டிப் பிடித்துக் கட்டும் வரி) என்றது அது. போன் பதிவரிடமே தங்கினால் அது ஆதாயம், திருப்பிக் கொடுத்துவிட்டால் இல்லை என்று நேரடி வரிகள் வாரியம் சுற்றறிக்கையிலேயே விளக்கியிருந்தது. அதனால் எல்லாமே இரவல், எல்லாம் திரும்பி வர வேண்டும் என்று முடிவு செய்தேன். ஒவ்வொரு போனுக்கும் தனியாக இருக்கும் ஐ.எம்.இ.ஐ. எண்ணைக் குறித்துக்கொண்டு கையெழுத்து வாங்கித்தான் கொடுத்தோம். இரவல் போன் என்பதைப் பதிவின் முதல் வரியிலேயே சொல்லிவிடக் கேட்டுக்கொண்டோம். காசு கொடுத்துச் செய்த வீடியோ ஒன்று தனியாக இருந்தது. இந்திய விளம்பரத் தர மன்றத்தின் 2021 வழிகாட்டுதல்படி, இரண்டு நிமிடத்துக்கு மேற்பட்ட வீடியோவில் அந்தப் பொருள் பேசப்படும் பகுதி முழுக்க 'விளம்பரம்' என்ற குறிப்பு திரையில் இருக்க வேண்டும். அப்படியே வைத்தோம்.

போன் போய்ச் சேர்ந்ததும் திருநெல்வேலிக்காரர் கூப்பிட்டார். "மேடம், இந்த வளைஞ்ச டிஸ்ப்ளேக்கு சாதா டெம்பர் கிளாஸ் நிக்காது. யுவி பசை போட்டு ஒட்டணும், அதுவும் கொஞ்ச நாள்ல ஓரத்துல தூக்கிரும். கீழ விழுந்து உடைஞ்சா டிஸ்ப்ளே மாத்த எவ்வளவுன்னு கம்பெனில கேட்டுச் சொல்லுங்க. அது தெரியாம நான் எழுத மாட்டேன்." நியாயமான கேள்வி. அழகுக்காக ஒரு போன் வாங்குபவர் அந்த அழகு உடைந்தால் என்ன செலவு என்று தெரிந்துகொள்ள வேண்டாமா? விலையைச் சொல்ல கிளையண்ட் தயங்கியது. விடாமல் கேட்டு வாங்கிக் கொடுத்தேன், அவரும் எழுதினார். வாசகர்கள் அதிகம் பேசியது அந்தப் பத்தியைப் பற்றித்தான்.

மதுரைக்காரருக்கு வேறு பிரச்சினை. பின்பக்கக் கண்ணாடி டியூப்லைட்டை அப்படியே ஒரு வெள்ளைக் கோடாகக் காட்டியது, விரல் ரேகை வேறு. ஜன்னலோரம் வைத்து, எதிர்ப்பக்கம் சார்ட் அட்டையைப் பிடித்து, ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் துடைத்து எடுத்த அவருடைய படங்கள் நிறுவனத்தின் விளம்பரப் படங்களை விட நன்றாக இருந்தன. அவரேதான் உச்சி வெயிலில் 4கே வீடியோ எடுத்தபோது போன் சூடாகி கேமரா தானாக மூடிக்கொண்டதையும் எழுதினார். அதை நீக்கச் சொல்லுங்கள் என்று கிளையண்டிடமிருந்து எனக்கு அழைப்பு வந்தது. முடியாது என்றேன். அதற்குப் பதிலாக எந்த மென்பொருள் பதிப்பு, எவ்வளவு நேரம் ஓடியது என்று அவரிடம் விவரம் வாங்கிப் பொறியாளர்களுக்கு அனுப்பினேன். அடுத்து வந்த அப்டேட்டில் கொஞ்சம் தேறியது, முழுக்கச் சரியாகவில்லை. அவர் அதையும் தேதி போட்டுப் பதிவில் சேர்த்தார்.

திருப்பி வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ரீசெட் செய்வதற்கு முன் கூகுள் கணக்கை நீக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் போனைத் திறக்கும்போது பழைய கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்டு நிற்கக்கூடும்.

கடைசியில் எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணக்கை கிளையண்ட் கேட்டது. அதோடு வாசகர்கள் கேட்ட கேள்விகளையும் தொகுத்துக் கொடுத்தேன். டிஸ்ப்ளே விலை, பக்கத்து ஊரில் சர்வீஸ் சென்டர் உண்டா, தமிழ் கீபோர்டு எப்படி என்று நீண்டது அது. அடுத்த மாடல் வந்தபோது டிஸ்ப்ளே விலை அவர்கள் அனுப்பிய முதல் மெயிலிலேயே இருந்தது.