சும்மாவா செய்கிறார்கள்?

மலேசியாவில், கோலாலம்பூரின் செந்தூல் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் நான் அப்ரண்டிஸாகச் சேர்ந்தது 1965இல். வயது பதினேழு. முதல் வேலையே பாய்லர் தட்டுவது. கேட்கிறவர்கள் சிரிப்பார்கள், ஆனால் அதற்கும் ஒரு காது வேண்டும்.

நீராவி இன்ஜினில் நெருப்பு எரிகிற அறைக்கு இரட்டைச் சுவர். நடுவில் தண்ணீர். இரண்டு தகடுகளையும் விலகாமல் பிடித்துக்கொண்டிருப்பவை வரிசை வரிசையாக நூற்றுக்கணக்கான ஸ்டே போல்ட்டுகள். அவற்றில் ஒன்று உள்ளே உடைந்தால் வெளியே தெரியாது. ஒன்று போனால் பக்கத்தில் இருப்பது அதன் பாரத்தையும் சுமக்கும், அப்புறம் அதுவும் போகும். அதனால் இன்ஜின் ஆறிய பிறகு சின்னக் கதவு வழியாக உடம்பைக் குறுக்கிக்கொண்டு உள்ளே நுழைந்து, ஒவ்வொன்றாகச் சுத்தியலால் தட்டிக் கேட்க வேண்டும். எனக்குச் சொல்லிக்கொடுத்தவரை நாங்கள் எல்லாரும் பெரியண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். "கண்ணை மூடிக்கிட்டுக் கேளுடா. சந்தையிலே தேங்காய் தட்டிப் பார்க்கிறே இல்லே? அதுதான்" என்பார். நல்ல போல்ட்டு கணீர் என்று பேசும். உடைந்தது தொப்பென்று விழும். அப்படி விழுந்தால் சாக்குக்கட்டியால் ஒரு வட்டம். மாலையில் சங்கு ஊதி வெளியே வந்தால் பல்லைத் தவிர மற்றதெல்லாம் கறுப்பு.

நான் அதிகம் தட்டியது ஐம்பத்தாறாம் வகுப்பு இன்ஜின்களை. கிளாஸ்கோவில் நார்த் பிரிட்டிஷ் கம்பெனி கட்டி அனுப்பியவை. 1938 முதல் மொத்தம் 66 வந்தன. ஒவ்வொன்றுக்கும் ஓர் ஊர்ப் பெயர். முதலில் கரியில் ஓடியவை பின்னால் எண்ணெய்க்கு மாறின. நாங்கள் உள்ளே போகும்போது எண்ணெய்ப் பிசுக்கும் செங்கல் தூளும்தான் வரவேற்கும். ஆனால் அவற்றின் காலம் அப்போதே முடிந்துகொண்டிருந்தது. 1957இலேயே டீசல் இன்ஜின் வந்துவிட்டது. சில வருடம் பழுது பார்த்தோம். அப்புறம் அதே கையால் வெட்டினோம்.

இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். கேஸ் கட்டரைப் பிடித்து இன்ஜின் வெட்டியவர்களில் நானும் ஒருவன். மனது கனத்தது, கண் கலங்கியது என்றெல்லாம் எழுதினால் பொய். ஓவர்டைம் இருந்தது, சந்தோஷமாக இருந்தது. அந்தக் காசில் அம்மாவுக்கு ஒரு சங்கிலி வாங்கிக் கொடுத்தேன். எத்தனையோ நாள் அணைத்துத் தட்டிய பாய்லர் பழைய இரும்பாகி லாரியில் போனது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பெரியண்ணனும்தான்.

2003இல் ஓய்வு பெற்றேன். 2012இல் மகள் வீட்டுக்கு மெல்பர்ன் போனேன். ஒரு சனிக்கிழமை, "அப்பா, உங்களுக்குப் பிடிச்ச சாமான் ஒண்ணு காட்டுறேன்" என்று மின்சார ரயிலில் கடைசி ஸ்டேஷனான பெல்கிரேவ் வரை கூட்டிப் போனாள். இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் இன்னொரு ஸ்டேஷன். அங்கே பொம்மை மாதிரி ஓர் இன்ஜின் புகை விட்டுக்கொண்டு நின்றது. பஃபிங் பில்லி என்பது அந்த ரயிலின் பெயர். நம்முடைய மீட்டர் பாதையையே சின்னது என்பார்கள். இதில் இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே 762 மில்லிமீட்டர்தான். பெட்டிகளுக்குப் பக்கச் சுவர் இல்லை. பிள்ளைகள் காலை வெளியே தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

எண்ணெய்க் குவளையோடு இன்ஜினைச் சுற்றி வந்த பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். நானும் ரயில்வே என்றதும் கையைத் துடைத்துக்கொண்டு குலுக்கினார். நம் ஊர்ப் பழக்கம் விடுமா? எவ்வளவு சம்பளம் என்று கேட்டுவிட்டேன். மகள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவர் சிரித்தார். அவர் பல் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவராம். கிடைப்பது தேநீர் மட்டும். சம்பளத்துக்கு இருப்பவர்களும் உண்டு. ஆனால் இன்ஜின் ஓட்டுவது, கரி போடுவது, பச்சைக் கொடி காட்டுவது, சிலிப்பர் கட்டை மாற்றுவது என்று எங்கே பார்த்தாலும் சும்மா வந்து வேலை செய்கிறவர்கள்.

அந்தப் பாதையின் கதையை அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். விக்டோரியா மாநிலத்தில் மலைப்பக்கத்து ஊர்களுக்குச் செலவு குறைவாகப் போட்ட நான்கு குறும்பாதைகளில் அது ஒன்று. 1900 டிசம்பர் 18இல் திறந்தார்கள். மரமும் உருளைக்கிழங்கும் ஏற்றிப் பிழைத்த பாதை. லாரி வந்ததும் வருமானம் போய்விட்டது. 1953இல் மண் சரிந்து பாதையை மூடியது. அரசாங்கம் அதையே சாக்காக வைத்து அடுத்த வருடம் ரயிலை நிறுத்திவிட்டது. எந்த ஊரிலும் கதை இதோடு முடிந்திருக்கும். அங்கே 1955இல் ஜனங்கள் ஒரு சங்கம் வைத்தார்கள். நஷ்டம் வந்தால் நாங்கள் கட்டுகிறோம் என்று சொல்லி, மிச்சமிருந்த துண்டுப் பாதையில் ஓட வைத்தார்கள். 1958இல் அந்தத் துண்டையும் மின்சார ரயிலுக்காக எடுத்துக்கொண்டபோது சரி போகட்டும் என்று வீட்டுக்குப் போகவில்லை. ராணுவத்தினரின் உதவியோடு மண் சரிந்த இடத்தைச் சுற்றிப் புதுப் பாதை போட்டு, 1962இல் பெல்கிரேவிலிருந்து மென்சீஸ் கிரீக் வரை மறுபடி ஓட்டினார்கள். 1965இல் எமரால்ட். 1975இல் லேக்சைட். கடைசி ஊரான ஜெம்புரூக்கை ரயில் எட்டியது 1998இல். கிட்டத்தட்ட 24 கிலோமீட்டர் பாதையைத் திரும்பப் பெற நாற்பது வருடத்துக்கு மேல். நான் சேர்ந்து, கல்யாணம் கட்டி, பிள்ளை பெற்று, போர்மென் ஆன காலம் முழுக்க அவர்கள் சனி ஞாயிறுகளில் மண் வெட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

இதற்கும் முன்னோடி உண்டாம். வேல்ஸ் நாட்டில் தாலிலின் என்ற பாதை, 1865இல் பலகைக்கல் ஏற்றப் போட்டது. 1951இல் தொண்டர்கள் அதை எடுத்து நடத்தினார்கள். உலகத்திலேயே முதன்முதல் அப்படி நடந்தது அங்கேதான் என்றார்.

அடுத்த வாரம் பல் டாக்டர் என்னை ஒர்க்‌ஷாப் உள்ளே கூட்டிப் போனார். ஓர் இன்ஜின் ஆறிக் கிடந்தது. அந்த வாசனையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டே எந்த இடம் என்று சொல்லியிருப்பேன். நெருப்பு அறைக்குள் யாரோ தட்டிக்கொண்டிருந்தார்கள். எட்டிப் பார்த்தால் இருபது வயது கூட இருக்காத ஒரு பெண், நெற்றியில் விளக்கு, மூக்கில் கரி. கதவுக்குப் பக்கத்தில் நின்று கேட்டேன். கணீர், கணீர், கணீர். ஓர் இடத்தில் சத்தம் இறங்கியது. "அது, அது" என்று கத்திவிட்டேன். அவள் மறுபடி தட்டினாள். நன்றாகத்தான் பேசியது. முதல் தடவை சுத்தியல் வழுக்கியிருக்கிறது. எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. வருடக்கணக்கில் சும்மா கிடந்த காது.

சும்மா வேலை செய்வது என்றால் எங்கள் வீட்டில் வேறு அர்த்தம். தோட்டத்தில் இருந்த பெரியப்பாவை ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்கு, அதாவது இன்றைய தாய்லாந்துக்குக் கொண்டுபோனார்கள். 1942, 43இல் 415 கிலோமீட்டர் மரண ரயில் பாதை போட்டதில் நம்மவர்கள் பல்லாயிரம் பேர். நம் கிழக்குக்கரைப் பாதையின் தண்டவாளத்தையே பெயர்த்து அங்கே கொண்டுபோனார்கள். இரும்பும் இங்கிருந்து, ஆளும் இங்கிருந்து. பெரியப்பா திரும்பி வரவில்லை. அதற்கும் முன்னால், 1885இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரை இந்த நாட்டின் முதல் ரயில் ஓடிய காலத்திலிருந்தே, பாதை போட்டவனும் கட்டை மாற்றியவனும் பெரும்பாலும் தமிழன்தான். ஸ்டேஷன் மாஸ்டர் சிலோன்காரர், கணக்கெழுதும் கிராணி சிலோன்காரர், தண்டவாளத்தில் குனிந்து நிற்பவன் நாம். அப்படி வந்தவனுக்கு அந்தி சாய்ந்தால் வீட்டுக்குப் போகத்தான் தோன்றும், இன்ஜினைக் கொஞ்சத் தோன்றாது. ஆயுத பூஜை அன்று மட்டும் லேத்துக்குச் சந்தனம் வைப்போம்.

இப்போது செந்தூலில் பெரிய பழுது வேலை எதுவும் கிடையாது. எல்லாம் பேராக் மாநிலத்தில் பத்து காஜா என்ற ஊருக்குப் போய்விட்டது. ரயில்வேயின் பழைய கட்டடம் ஒன்று 2005இலிருந்து நாடக அரங்கு. வேறு சில கொட்டகைகளில் கூரை போய்ச் செடி முளைத்திருந்தது.

திரும்பி வந்ததும் பழைய ஆட்கள் கூடும் ஒட்டுக்கடையில் எல்லாவற்றையும் சொன்னேன். தே தாரிக் ஆறிக்கொண்டிருந்தது.

"சும்மாவா செய்றானுங்க? ஒரு வெள்ளி கூட இல்லையா?"

"தேத்தண்ணி உண்டு."

"பைத்தியக்காரனுங்க."

இன்ஜினில் நெருப்பைக் கவனிக்கும் பயர்மேனாக இருந்த அண்ணன் மட்டும் பேசவில்லை. எழுபத்தெட்டு வயது, இரண்டு முழங்காலும் போய்விட்டது. ரொட்டி சானாயைப் பிய்த்துப் பிய்த்துக் குழம்பில் முக்கிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் தலையைத் தூக்கினார்.

"டேய், அந்த இன்ஜின் எதிலே ஓடுது? எண்ணெயா, கரியா?"

"கரி, அண்ணே."

"கரியா" என்றார். சட்டைக் கையை ஒரு மடிப்பு ஏற்றிக்கொண்டார். "ஏத்தத்துலே நெருப்பை எப்படிப் பிடிச்சு வெச்சிருக்கான்? சொல்லு."