மாமாவின் வாட்ஸப்பும் ஹார்ப்பும்

வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் என்று செய்தி வந்தால் போதும், எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் மாமா அந்தக் காணொளியைப் போட்டுவிடுவார். அலாஸ்காவில் ஹார்ப் என்று ஒன்று இருக்கிறதாம், ரேடியோ அலையாலேயே புயலைச் செய்து அனுப்புகிறார்களாம். போன கிழமை மட்டக்களப்பு கல்லடியில் அவர் வீட்டு விறாந்தையில் தேத்தண்ணி குடிக்கும்போது கேட்டேவிட்டேன்.

"மாமா, 78 சூறாவளியில உங்கட வீட்டு ஓடெல்லாம் பறந்ததே, அதை ஆர் அனுப்பினது?"

அது 1978 நவம்பர். வானத்தின் மேலடுக்கை ரேடியோ அலையால் ஆராயும் அன்டனா நிலையமான ஹார்ப்பைக் கட்டத் தொடங்கியதே 1993இல்தான்.

"அப்ப அவ்வளவு அன்டனாவும் என்னத்துக்கு மனே?"

நியாயமான கேள்வி. மாமா பழைய ரேடியோப் பைத்தியம் என்பதால் 1933இல் இருந்து தொடங்கினேன். நெதர்லாந்தில் டெலெகென் என்ற பொறியியலாளர் சுவிற்சர்லாந்தின் பெரோமுன்ஸ்டர் நிலையத்தைக் கேட்கிறார், பின்னால் லக்சம்பேர்க் நிலையத்தின் ஒலியும் கேட்கிறது, ஆனால் இரண்டும் வேறு வேறு அலைவரிசை. (எங்கள் வீட்டு ரேடியோவில் இரண்டு நிலையம் கலந்தது அநேகமாக ரேடியோவின் கோளாறுதான், அதைச் சேர்க்கவேண்டாம்.) லக்சம்பேர்க்கின் பலமான அலை, 60 கிலோமீற்றருக்கு மேலே காற்றணுக்களுக்கிடையே திரியும் எலெக்ட்ரான்களை உலுப்பிச் சூடாக்கியிருக்கிறது. சூடானவை அடிக்கடி மோதும், அப்போது அவ்வழியே போகும் மற்ற அலை உறிஞ்சப்படும் அளவும் மாறிவிடும். லக்சம்பேர்க்கின் சத்தம் ஏறி இறங்க அந்தச் சூடும் ஏறி இறங்குகிறது, அதே தாளம் சுவிஸ் அலையிலும் பதிந்துவிடுகிறது.

தற்செயலாக நடந்த அதை ஹார்ப்பில் வேண்டுமென்றே செய்கிறார்கள். 180 அன்டனா, 3,600 கிலோவாட், 2.7 முதல் 10 மெகாஹேர்ட்ஸ். 200 கிலோமீற்றருக்கு மேலே, பிளாஸ்மா (அணுக்களில் இருந்து எலெக்ட்ரான்கள் பிரிந்து திரியும் காற்று) இயல்பாக அதிரும் வேகமும் அலையின் அதிர்வெண்ணும் பொருந்தும் உயரத்தில் அலை தன் சக்தியைக் கொட்டும். பிளாஸ்மாவுக்குள்ளேயே புது அலைகள் கிளம்பும், அடர்த்தி பூமியின் காந்தக்கோடுகள் வழியே வரிவரியாகப் பிரியும், வேகம் பிடித்த எலெக்ட்ரான்கள் ஒட்சிசன் அணுக்களில் மோதி மங்கலான சிவப்பு ஒளியும் வரும். மின்சாரத்தை நிறுத்தினால் சூடு சில நொடிகளில் தணிந்துவிடும், அந்த வரிகள் கொஞ்ச நிமிடம் நிற்கும், அவ்வளவுதான். மழைமேகமோ 20 கிலோமீற்றருக்குக் கீழே. இந்த அலைகள் அதற்குள்ளால் சூடாக்காமலே போய்விடும்.

மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. மறுகா கேட்டார்: "அந்தச் சிவப்பு வெளிச்சம் இஞ்சயும் தெரியுமா?"

தெரியாது மாமா. அலாஸ்காவிலேயே அது பெரும்பாலும் கெமராவுக்குத்தான் தெரியும்.