கடையில் ஆளில்லாத நேரம்

ஜூன் 15, ஞாயிறு

காலையிலிருந்து மழை. இன்று கடை இல்லை. மத்தியானத்துக்குக் கத்தரிக்காய்த் தீயல் வைத்தாயிற்று. விசைப்படகுத் தடை ஜூலை கடைசிவரை இருக்கிறது, மீன் விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. அடுக்களையை ஒதுக்கிவிட்டு ‘மிஸ்டரி கேஸ் ஃபைல்ஸ்: ஹன்ட்ஸ்வில்’லைத் திரும்பவும் எடுத்தேன்.

2005-ல் வந்த விளையாட்டு. அமெரிக்காவின் சியாட்டில் நகரத்து பிக் ஃபிஷ் கேம்ஸ் வெளியிட்டது. படத்துக்குள் பொருளைத் தேடிக் கண்டுபிடிக்கும் ‘ஹிட்டன் ஆப்ஜெக்ட்’ ஆட்டங்கள் கம்ப்யூட்டரில் இத்தனை பெருகியதற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம். இன்றைய கண்ணுக்குப் படங்கள் மங்கல்தான். கதையும் பெரிதாக இல்லை. ஓர் ஊர், அங்கே வரிசையாகக் குற்றங்கள், கையில் ஒரு பட்டியல், கூடவே ஓடிக்கொண்டிருக்கும் கடிகாரம். கண்ட இடத்திலெல்லாம் தட்டினால் நேரத்தைப் பிடித்துக்கொள்ளும். அந்தக் கண்டிப்பு எனக்குப் பிடிக்கும். வாரப் பத்திரிகை வந்ததும் அண்ணனுக்கு முன்னால் பறித்து ‘ஆறு வித்தியாசம்’ போட்டு வளர்ந்தவள் நான். குருட்டுத் தட்டலில் கிடைக்கும் வெற்றி வெற்றியே இல்லை.

ஜூன் 17, செவ்வாய்

கல்லூரிச் சேர்க்கை நேரம். தாலுகா ஆபீஸ் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவளுக்கு ஜூன் மாதத்தில் விளையாட்டு ஏது? வருமானச் சான்று, சாதிச் சான்று, லேமினேஷன், மறுபடி வருமானச் சான்று. இரவு எட்டு மணிக்குச் சாயா குடித்தேன். அவ்வளவுதான்.

ஜூன் 19, வியாழன்

கடையில் உதவிக்கு நிற்கும் தம்பிக்குத் துப்பாக்கி விளையாட்டுகள் மேல்தான் கண். மூன்று மணிக்குக் கூட்டம் ஓய்ந்ததும் நான் ‘டைனர் டாஷ்’ திறந்தேன். பின்னால் வந்து நின்றான்.

“எக்கா, இதுல என்னத்த இருக்கு? ஒருத்தனையும் சுடவே இல்லியே.”

“இரி. நீயே பாரு” என்று மவுஸைக் கொடுத்தேன்.

ஃப்ளோ என்ற பெண் ஆபீஸ் வேலை சலித்து உதறிவிட்டுச் சொந்தமாகச் சாப்பாட்டுக் கடை போடுகிறாள். நியூயார்க்கின் கேம்லேப் உருவாக்கியது, பிளேஃபர்ஸ்ட் வெளியிட்டது. இந்த ‘டைம் மேனேஜ்மென்ட்’ வகையில் பின்னால் வந்த கேக் கடை, சலூன், பண்ணை எல்லாவற்றுக்கும் இவள்தான் மூத்தவள். வருகிறவர்களை மேசையில் உட்கார வை, ஆர்டர் வாங்கு, சீட்டை அடுக்களையில் கொடு, சாப்பாட்டைக் கொண்டு வை, காசு வாங்கு, எச்சில் தட்டை எடு. தலைக்கு மேல் இதயங்கள் இருக்கும். காக்க வைத்தால் ஒவ்வொன்றாகக் குறையும்.

தம்பி அழைத்த குரலுக்கெல்லாம் ஓடினான். ஒரு மேசைக்குச் சாப்பாடு, உடனே இன்னொன்றில் ஆர்டர், திரும்பி வந்து முதல் மேசையில் காசு. பார்த்தால் சுறுசுறுப்பாகத்தான் தெரிந்தது. ஆனால் வாசலில் நின்றவர்கள் கோபித்துக்கொண்டு போய்விட்டார்கள், லெவலும் போயிற்று.

இந்த ஆட்டத்தின் சூட்சுமம் வேகத்தில் இல்லை. ஒரே மாதிரி வேலையை அடுத்தடுத்துச் செய்தால் புள்ளி கூடிக்கொண்டே போகும். இரண்டு மேசைக்காரர்களும் கை தூக்கும்வரை காத்திருந்து, இரண்டு ஆர்டரையும் ஒரே நடையில் வாங்கி, இரண்டு சீட்டையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். ஃப்ளோவுக்கு இரண்டு கை, இரண்டு பொருள்தான் ஏந்துவாள். சாப்பிட வருகிறவர் போட்டிருக்கும் சட்டையின் நிறமும் நாற்காலியின் நிறமும் ஒத்துப்போனால் அதற்குத் தனிப் புள்ளி. வயதானவர்கள் பொறுமைசாலிகள், அவர்களைக் கொஞ்சம் காக்க வைக்கலாம். அவசரக்காரர்களை வைக்க முடியாது. யாரை எவ்வளவு நேரம் காக்க வைக்கலாம் என்று தெரிவதில்தான் கெட்டிக்காரத்தனம்.

“இது நம்ம கடை மாதிரில்லா இருக்கு” என்றான். காசு கொடுத்து வாங்கிய விளையாட்டிலும் ஜெராக்ஸ் கடைதானா என்று எனக்கே சில சமயம் தோன்றுவதுண்டு. ஆனால் அங்கே ‘ஸ்டாம்பு சைஸ் போட்டோ நல்லா இல்ல, வேற எடுத்துத் தாங்க’ என்று யாரும் திரும்பி வருவதில்லையே.

ஜூன் 22, ஞாயிறு

நாத்தனார் மகள் வந்திருக்கிறாள், எட்டாம் வகுப்பு. மழை கொஞ்சம் விட்டதால் பத்மநாபபுரம் கூட்டிப் போனேன். தக்கலையில் இருந்துகொண்டு அரண்மனைக்கு நாங்கள் போவது விருந்தாள் வந்தால்தான்.

பூமுகம் என்ற முகப்பு மண்டபத்தின் மரக்கூரையில் 90 வகைப் பூ செதுக்கியிருப்பதாகச் சொல்வார்கள், ஒன்றைப்போல் ஒன்று இருக்காது. “அத்தை, ஒரே மாதிரி ரெண்டு இருந்தா நான் கண்டுபிடிச்சிருவேன்” என்று அண்ணாந்து நின்றாள். பின்னால் வந்த டூர் கூட்டம் அவளைச் சுற்றிக்கொண்டு போயிற்று. இதழின் நுனி வளைவு, நடுமொட்டின் பருமன், சுற்றிலும் ஓடும் கொடி என்று ஒவ்வொன்றாகச் சொல்லித் தள்ளிக்கொண்டே வந்தாள். பொருளின் பெயரைக் கேட்டதும் கண்டபடி தேடாமல், அதன் ஓரக்கோட்டை மனசில் வைத்துக்கொண்டு தேட வேண்டும் என்று வீட்டில் கம்ப்யூட்டர் முன்னால் எத்தனை தடவை சொன்னாலும் கேட்காதவள், அங்கே தானாகவே செய்தாள். கடைசியில் கழுத்து வலிக்கிறது என்றாள்.

ஊட்டுப்புரை என்ற சாப்பாட்டுக் கூடத்தில் ஒரே பந்தியில் ஆயிரம் பேர் உட்காரலாமாம். ஃப்ளோவை அங்கே கொண்டு விட வேண்டும்.

சாயங்காலம் வீட்டில் தன் போனை எடுத்தாள். அதிலும் பொருள் தேடும் ஆட்டம், ‘ஜூன்ஸ் ஜர்னி’. பெர்லினின் வூகா நிறுவனம் 2017-ல் விட்டது. 1920-களின் உடை, மாளிகை, கார் எல்லாம் அழகோ அழகு. ஆனால் ஒவ்வொரு காட்சிக்கும் ‘எனர்ஜி’ கழிகிறது. தீர்ந்தால் நிரம்பும்வரை காத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் காசு கொடுக்க வேண்டும். பிள்ளை சுறுசுறுப்பாகத் தேடிக்கொண்டிருக்கும்போதே ஆட்டம் நின்றுவிட்டது. “இனி ராத்திரிதான் அத்தை” என்று போனைக் கவிழ்த்து வைத்தாள்.

ஹன்ட்ஸ்வில்லிலும் கடிகாரம் ஓடுகிறது, டைனர் டாஷிலும் ஓடுகிறது. இரண்டும் என் கண்ணையும் கையையும் சோதிப்பவை. போனில் ஓடும் கடிகாரம் என் பர்ஸைச் சோதிக்கிறது. அழகான படத்துக்காகக்கூட அதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஜூன் 25, புதன்

ஓய்வு பெற்ற ஒரு வாத்தியார் பென்ஷன் விஷயமாக வந்தவர், கம்ப்யூட்டர் கற்றுக்கொடுக்க முடியுமா என்று கேட்டார். எப்போதும் செய்வதுபோல் சாலிட்டேரில் உட்கார்த்தினேன். 1990-ல் விண்டோஸ் 3.0-உடன் வந்த சீட்டாட்டம். பிடித்து இழுத்து விடும் பழக்கம் கைக்கு வரட்டும் என்று சேர்த்தார்களாம். எதற்காகச் சேர்த்தார்களோ, என் கடையில் அது அந்த வேலையைத்தான் செய்கிறது. “சீட்டு வெளையாடி வீட்ல ஏச்சு வாங்குனவனாக்கும்” என்று சிரித்தார். அரை மணி நேரத்தில் மவுஸ் பிடிபட்டுவிட்டது.

ஜூன் 28, சனி

ஒரு புது ஹிட்டன் ஆப்ஜெக்டை ஒரு மணி நேர இலவச ட்ரயலில் போட்டுப் பார்த்தேன். அந்தக் காலத்தில் இந்த ஆட்டங்கள் விற்றதே இப்படித்தான்: ஒரு மணி நேரம் ஆடு, பிடித்தால் வாங்கு, பிடிக்காவிட்டால் அழித்துவிடு. இதைவிட நாணயமான வியாபாரத்தை நான் பார்த்ததில்லை.

இதை அழித்துவிட்டேன். ஒரு பழைய சமையலறைக் காட்சி. பட்டியலில் கத்தரிக்கோல். கண்ணுக்குக் கிடைக்கவே இல்லை. ஹின்ட் கேட்டேன். அலமாரியின் நிழலுக்குள், நிழலைவிட ஒரு மாற்று கறுப்பாக, மூக்குத்தி அளவுக்குச் சுருக்கி வைத்திருந்தார்கள். இது ஒளித்து வைத்தது இல்லை, அழித்து வைத்தது. அதே காட்சியில் ஒரு குடையும் இருந்தது: முழு அளவில், மடக்கி, மேசையின் நான்காவது காலாக நின்றது. அதன் மேலேயே கண் ஓடி ஓடிக் கடந்துபோயிருக்கிறது. கண்டதும் சத்தமாகச் சிரித்துவிட்டேன். படம் முழுக்க அந்தக் குடையை வைத்தவரே வரைந்திருந்தால் காசு கொடுத்து வாங்கியிருப்பேன்.

ஹின்ட் கேட்பது கேவலம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்த வறட்டு கௌரவம் இல்லை. ஹின்ட் காட்டியதும் ‘அட, இங்கேயா!’ என்று வந்தால் அது நல்ல ஆட்டம். ‘இது எப்படித் தெரியும்?’ என்று வந்தால் மோசமான ஆட்டம்.

புதிர்களுக்கு இன்னும் ஹன்ட்ஸ்வில் வரிசையிலேயே வந்த ‘ரேவன்ஹர்ஸ்ட்’தான், 2006. அந்த மாளிகைக் கதவுகளின் பூட்டுகள்! ஒன்றை நகர்த்தினால் இன்னொன்று விழுந்து, அது உருண்டு, வேறொன்றைத் தட்டி, கடைசியில் தாழ் விலகும். பின்னால் போலந்தின் ஆர்டிஃபெக்ஸ் முண்டி மாதிரி நிறுவனங்கள் கதையையும் ஓவியத்தையும் எங்கேயோ கொண்டுபோனார்கள். ‘நைட்மேர்ஸ் ஃப்ரம் த டீப்’பின் கடற்கொள்ளையர் காட்சிகளைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஆனால் அவற்றில் பாதி நேரம் சாவியையும் கொக்கியையும் எடுத்துக்கொண்டு அறை அறையாக அலைவதில் போகிறது. எனக்குத் தேடுவதுதான் வேண்டும், அலைச்சல் வேண்டாம்.

ஜூலை 2, புதன்

தம்பிக்கு டைனர் டாஷ் அலுத்துவிட்டதாம். ‘ஃபார்ம் ஃப்ரென்ஸி’ போட்டுக் கொடுத்தேன். ரஷ்யாவின் அலாவர் 2007-ல் வெளியிட்டது. தண்ணீர் விட்டால் புல் முளைக்கும், புல் தின்றால் கோழி முட்டை போடும், முட்டையைப் பொறுக்கி லாரியில் ஏற்ற வேண்டும். நடுவில் வானத்திலிருந்து கரடி பொத்தென்று விழும். விடாமல் தட்டித் தட்டி அதைக் கூண்டில் அடைத்துவிட்டால், அதையும் சந்தைக்கு அனுப்பிக் காசாக்கலாம். இதை நான் அவனுக்குச் சொல்லவில்லை.

சாதிச் சான்றுக்கு வந்த ஓர் அம்மா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நான் அவருடைய ரேஷன் கார்டை ஸ்கேன் செய்துகொண்டிருந்தேன். திடீரென்று உள்ளேயிருந்து ஒரு கூச்சல்: “எக்கா, கரடிய வித்துட்டேன்! கோழியவிட நல்ல வெல!”

அந்த அம்மா என்னைப் பார்த்தார், உள்ளே எட்டிப் பார்த்தார், அப்புறம் மெதுவாகக் கேட்டார்: “அதுக்கும் இங்கதான் எழுதிக் குடுக்கணுமா மக்ளே?”