மாரி மழைக்குள் பஞ்சு நூற்பும் தயிர் பணிஸும்

மட்டக்களப்பில் வாடைக் காற்று பிடித்து மழை இறுகும் நவம்பர், டிசம்பர்தான் பருத்தி நூற்கத் தோதான காலம். கச்சான் காற்று அடிக்கிற ஜூன், ஜூலையில் அதே பஞ்சையும் அதே தக்கிளியையும் (நூற்கும் சின்னக் கைக்கதிர்) எடுத்தாலும் இழை அடிக்கொருதரம் அறும். பருத்தி நாருக்கு ஈரம் ஏறினால் பலம் கூடும்; காய்ந்த காற்றில் மின்னேறிப் பறக்கிற பஞ்சும் ஈரக் காற்றில் அடங்கும். நூல் ஆலைகளுக்குள் காற்றை ஈரமாக வைத்திருப்பது இதற்குத்தான். பணிஸ் மாவுக்கு அதே ஈரம் வேறு கணக்கு: மா ஏற்கெனவே தண்ணீர் குடித்திருக்கும். மழைக் குளிரில் ஈஸ்டும் சோம்பிக் கிடக்கும். இரண்டையும் ஒரே சனி ஞாயிறில் வைத்துக்கொண்டால், மா பொங்கும் நேரம் நூலுக்குக் கிடைக்கும். அவண் ஆறும் நேரம் பஞ்சுக்குக் கிடைக்கும்.

சனி காலை: மா

கோதுமை மா 500 கிராம், சீனி 60, உப்பு 8, இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 7, ஒரு முட்டை, பட்டர் 60, எருமைத் தயிர் 100, பால் 160 முதல் 175 கிராம் வரை. இதில் 16 உருண்டை வரும், ஒன்று 60 கிராமுக்குச் சற்றுக் குறைவாக.

படுவான்கரைப் பக்கத்துச் சட்டித் தயிரில் ஒரு தரம் கரண்டி போட்டுவிட்டால் அந்தக் குழிக்குள் தண்ணீர் ஊறி நிற்கும். அதை வடித்துவிட்டுக் கட்டியை மட்டும் நிறுக்க வேண்டும். நாட்பட்டுப் புளித்தது வேண்டாம். சுட்ட பிறகும் புளிப்பு துலக்கமாகத் தெரியும்.

பாலை முதலில் 160 கிராமோடு நிறுத்துங்கள். மாரியில் வாய் திறந்து கிடந்த மாப் பையின் ஈரம் 12 வீதத்திலிருந்து 14 வீதத்துக்கு ஏறினாலே, 500 கிராமில் 10 கிராம் தண்ணீர் கூடிவிடும். கச்சான் காலத்து அளவை அப்படியே ஊற்றினால் மா கையில் ஒட்டும், ஒட்டுகிறதே என்று மா தூவுவோம், பணிஸ் இறுகும். பட்டர் இல்லாமல் எட்டு நிமிடம் குழைத்து, பிறகு பட்டரை மூன்று தரமாகச் சேர்த்து இன்னும் எட்டு நிமிடம். பட்டரை முதலிலேயே போட்டால் கொழுப்பு மாவைப் பூசிக்கொள்ளும், இழுவை வரப் பிந்தும். சின்னத் துண்டொன்றை விரித்தால் கிழியாமல் வெளிச்சம் தெரியும் அளவுக்கு மெல்லிசாக வர வேண்டும்.

அறை 25 டிகிரியில் இருந்தால் பொங்க 80, 90 நிமிடம் எடுக்கும். கச்சானில் 45 போதும். அவசரப்பட்டு ஈஸ்டைக் கூட்டினால் பணிஸில் ஈஸ்ட் மணம் நிற்கும். அணைத்த அவணுக்குள் ஒரு கோப்பை கொதிநீரோடு வைக்கலாம், ஆனால் நூற்கிறவர்களுக்கு அந்த அவசரம் எதற்கு.

மா பொங்கும் நேரம்: தக்கிளி

சைக்கிள் ஸ்போக் கம்பியில் 18 சென்ரிமீற்றர் வெட்டி, ஒரு நுனியைச் சின்னக் கொக்கியாக வளைத்து, மறு நுனியை அரத்தால் உருட்டையாக ராவினால் தண்டு தயார். சில்லுக்கு 3.5 சென்ரிமீற்றர் அகலச் சிரட்டை வட்டம் இரண்டு, நடுவில் துளைத்து, அடியிலிருந்து 3 சென்ரிமீற்றர் உயரத்தில் அரல்டைட் வைத்து ஒட்ட வேண்டும். மொத்தம் 13, 14 கிராம் வரும். இதைவிடக் கூடினால் மெல்லிய இழை தாங்காது. சிரட்டை வளைந்தது என்பதால் இரண்டு முகத்தையும் தட்டையாகத் தேய்த்த பிறகுதான் துளைக்க வேண்டும். துளை ஒரு மில்லிமீற்றர் விலகினாலே தக்கிளி ஆடும், சுழற்சி சீக்கிரம் நின்றுபோகும்.

சுழல வைக்கும் கிண்ணமும் சிரட்டைதான். கண் இல்லாத பாதியை எடுங்கள், கண்ணில் நுனி சிக்கும். துணியைச் சும்மாடு மாதிரிச் சுற்றி அதன் மேல் வைத்தால் உருளாது.

மா இரட்டிப்பானதும் உருட்டித் தட்டில் அடுக்கி, மறுபடி 45 நிமிடம். முட்டை பூசி 180 டிகிரியில் 16 முதல் 18 நிமிடம். மேசை அவணில் மேல் கம்பி கிட்ட இருப்பதால் பத்தாவது நிமிடத்திலேயே நிறம் ஏறிவிடும், உள்ளே வெந்திருக்காது. அப்போது அலுமினியத் தாளால் மூடுங்கள். நடுவில் 88 டிகிரி காட்டினால் வெந்துவிட்டது. தேங்காய்ப்பூ உள்ளீடு வைப்பதானால் சீனியோடு ஈரம் வற்றக் கிளறி, ஆறவிட்டு வையுங்கள்.

சனி பின்னேரம்: பஞ்சு

முதலில் ஒன்று. தலையணைக்கு அடைக்கிற இலவம் பஞ்சு நூற்க உதவாது. அதன் நார் வழவழப்பு, பிடிப்பில்லை. பருத்தி நாரில் இயற்கையாகவே முறுக்கு உண்டு, அதுதான் ஒன்றையொன்று பிடிக்கிறது. விளக்குத் திரிக்கென்று வளவில் வைத்த பருத்தி மரம் இருந்தால் அதுவே போதும்.

விதை எடுக்க மட்டும் பஞ்சு நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈரப் பஞ்சு விதையை விடாது, நசுங்கிச் சிம்பாகும். மாரியில் வெயில் இல்லை. பணிஸ் இறக்கிய அவணை அணைத்து, பிளக்கைக் கழற்றி, உள்ளே கை வைத்துப் பொறுக்கக்கூடிய சூடு வந்த பிறகு விதைப் பஞ்சைப் பரப்பிக் கதவைச் சற்றுத் திறந்து 20 நிமிடம் விடலாம். கம்பி சிவந்திருக்கும்போது வைக்கவே கூடாது, பஞ்சு பிடித்துக்கொள்ளும்.

வழவழப்பான பலகையில் நாலைந்து விதைப் பஞ்சை வைத்து இரும்புக் கம்பியை அழுத்தி முன்னுக்கு உருட்டினால் விதை முன்னால் பிதுங்கி விழும், பஞ்சு பின்னால் தங்கும். 100 கிராம் விதைப் பஞ்சில் மூன்றிலொரு பங்குதான் பஞ்சு தேறும். பிறகு பிரம்பை வளைத்துத் தங்கூசி (நைலோன் இழை) நரம்பு கட்டிய வில்லால், அந்த நரம்பு பஞ்சைத் தொடுகிற மாதிரிப் பிடித்து அடிக்க வேண்டும். கட்டி தெரியாமல் புகை மாதிரி எழும்பினால் சரி. இதைக் குசினிக்குள் செய்யாதீர்கள், தூசு எல்லாம் மாவில்தான் இறங்கும். அடித்ததை மெல்லிதாகப் பரப்பி ஈர்க்கிலில் சுற்றி உருவினால் 15 சென்ரிமீற்றர் பட்டை. ஒவ்வொரு பட்டையும் ஒன்றரைக் கிராம் இருக்கட்டும்.

ஞாயிறு: நூற்பு

கையில் பட்டர் பிசுக்கு இருக்கக் கூடாது. சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடைத்த பிறகுதான் பட்டையைத் தொட வேண்டும்.

வலது கையால் தக்கிளியை வலஞ்சுழியாகச் சுண்டி, இடது கையால் பட்டையைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். பலரும் இழுக்கும்போதே முழு முறுக்கையும் கொடுத்துவிடுகிறார்கள், அங்கேதான் முண்டு விழுகிறது. முறுக்கு எப்போதும் மெல்லிய இடத்துக்கே முதலில் ஓடும்; தடித்த இடம் தளர்ந்தே இருக்கும். ஆகவே பாதி முறுக்கில் அரை மீற்றர் மட்டும் இழுத்து, இன்னும் கொஞ்சம் நீட்டினால் மெல்லிய இடங்கள் பிடித்துக்கொண்டு நிற்க, முண்டு மட்டும் கரைந்து நீளும். இழை ஒத்து வந்த பிறகு மிச்ச முறுக்கை ஏற்றி, தண்டில் சுற்ற வேண்டும். முழு முறுக்கு ஏறிய முண்டை எவ்வளவு இழுத்தாலும் அசையாது. முறுக்குக் குறைந்த இழையோ சுற்றும்போது தாங்கும், இரண்டிழை சேர்க்கும்போது வழுகிப் பிரியும்.

ஒரு கிராமுக்குப் 10 மீற்றர் வருகிற இழைக்குச் சென்ரிமீற்றருக்கு நாலு முறுக்கு என்பது நல்ல அளவு. ஒன்றரைக் கிராம் பட்டையில் 15 மீற்றர். ஆலைகளில் நூலின் மெல்லிசைச் சொல்லும் நம்பரில் பார்க்க, கிராமுக்கான மீற்றரை 0.59 ஆல் பெருக்குங்கள். இது ஏறத்தாழ 6ஆம் நம்பர். மருதமுனைத் தறிகளில் ஓடும் ஆலை நூல் இதைவிடப் பல மடங்கு மெல்லிசு. ஆகவே ஊடைக்கு (குறுக்கிழை) இது போகும், பாவுக்கு (நெட்டிழை) ஒற்றை இழையாகக் கொடுக்க வேண்டாம், தறியில் பாவிழைகள் நுழையும் சீப்பான பண்ணையில் உரசி அறும். நிறுப்பதற்கு 0.01 கிராம் காட்டும் சின்னத் தராசு தேவை. ஈஸ்டுக்கும் அது உதவும்.

இரண்டிழையை இடஞ்சுழியாகத் திரித்து, தொங்கவிட்டால் எந்தப் பக்கமும் சுருளாமல் நிற்கும் இடத்தில் நிறுத்துங்கள். கதிரை முதுகில் சுற்றிச் சிட்டமாக்கி நாலு இடத்தில் தளர்வாகக் கட்டி, லீற்றருக்கு ஒரு தேக்கரண்டி சலவைச் சோடா போட்டு 45 நிமிடம் அவிக்க வேண்டும். மெழுகு கழன்று தண்ணீர் மஞ்சள் கபிலமாகும். முதலில் மிதந்த சிட்டம் தானாக அமிழ்ந்தால் போதும். மழைக்குள் காய நாளெடுக்கும். மின்விசிறிக்குக் கீழே பிரித்துப் போடாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும்.

முண்டும் சுருளுமாகப் போன மிச்ச நூலைக் கார்த்திகை விளக்கீட்டுக்குத் திரியாக்கலாம். அதற்கு அவிப்பு வேண்டாம், மெழுகு தண்ணீரைத்தான் தள்ளும், எண்ணெயை அல்ல. நாலைந்து இழை சேர்த்துத் தளர்வாகத் திரியுங்கள். இறுக்கினால் எண்ணெய் ஏறாது.