22 நொடி

ராத்திரி அவர் குறட்டை திடீரென்று நிற்கும். நெஞ்சு மட்டும் ஏறி இறங்கும், மூச்சு வராது. கடிகாரத்தைப் பார்த்து எண்ணியிருக்கிறேன், ஒரு தடவை 22 நொடி. அப்புறம் பெரிய திணறலோடு புரண்டு படுப்பார். காலையில் கேட்டால் எதுவும் நினைவிருக்காது.

மாடி ஏறினால் இரைக்கிறது, கால் வீங்குகிறது என்றுதான் டாக்டரிடம் போனோம். இதயத்தைப் பார்க்கும் எக்கோ ஸ்கேனில் நுரையீரல் ரத்தக் குழாய்களில் அழுத்தம் கூடியிருப்பதாகத் தெரிந்தது. கையில் பார்க்கும் பிபி வேறு, இது வேறு என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். உடனே டாக்டர் என்னைத்தான் கேட்டார்: "குறட்டை விடுவாரா?"

தூக்கத்தில் மூச்சு தடைபடும்போதெல்லாம் ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறையும். அப்படிக் குறைந்தால் மற்ற இடங்களில் ரத்தக் குழாய் விரியும், நுரையீரலில் மட்டும் சுருங்கும். இரவெல்லாம் சுருங்கிச் சுருங்கி, வருடக்கணக்கில் சுவர் தடித்துப்போனால், இதயத்தின் வலது பக்கம்தான் முக்கித் தள்ள வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு அழுத்தம் லேசாகத்தான் ஏறுமாம். பகலிலும் ஆக்ஸிஜன் குறைவாக இருப்பவர்களுக்குத்தான் மோசமாகும். இவருக்கு இரவு, பகல் இரண்டிலும் குறைவு.

தூக்கப் பரிசோதனையில் மணிக்கு 30 தடவை மூச்சு தடைபட்டாலே தீவிரம். இவருக்கு 41.

இப்போது மூச்சுப்பாதை அடைபடாமல் மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பும் சிபேப் மெஷின் போட்டுத்தான் தூங்குகிறார். காலையில் கன்னத்தில் மாஸ்க் பட்டையின் சிவந்த தடம் இருக்கும். நான் இன்னும் இரண்டு மணிக்கு விழித்துக்கொள்கிறேன், அந்த மெல்லிய காற்றுச் சத்தத்தைக் கேட்க.